இல்லா உயிர்க்கோர் உருவம்: கணினி விளையாட்டு ஓவியமும் தமிழ்க் கற்பனை மரபும்

முன்னுரை

சாரல் தூவும் குற்றால மலைக்கும் தென்காசிக்கும் அண்மையில் அமைந்த பழம்பதி ஆய்க்குடி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் பொதிகை மலைத் தலைவனுமாகிய ஆய் அண்டிரனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஊர் இது. வடக்கே இமயமும் தெற்கே ஆய்குடியும் இல்லையாயின் இவ்வுலகம் நிலை தடுமாறும் என்னும் கருத்தமைய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடியிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

இத்தகைய ஊரில் பிறந்த மாணவன் ஒருவன், பட்டப்படிப்பை முடிக்கும் நிலையில், "கணினி விளையாட்டுகளுக்கு வேண்டிய விந்தை மாந்தரையும் விலங்குகளையும் வரைந்து கொடுத்து வாழப்போகிறேன்" என்று வீட்டில் சொல்வதாகக் கொள்வோம். மூன்று வினாக்கள் அவன்முன் எழும். "மாதம் பிறந்தால் சம்பளம் வராத இது ஒரு தொழிலா?" என்பார் வாப்பா. "உயிருள்ளவற்றை உருவமாக வரைவது மார்க்கத்தில் கூடுமா?" என்பார் பாட்டனார். "மேலைநாட்டு அரக்கர்களைப் படியெடுப்பதால் தமிழுக்கு என்ன ஆக்கம்?" என்பார் தமிழாசிரியர். மூன்றும் புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. கேட்பவர் மூவரும் அவன்பால் அன்புடையோர். கேட்கும் உரிமையும் உடையோர். இக்கலை இன்னதென விளக்கி, அம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலையின் இயல்பு

கதையில் வரும் அரக்கனைப் படிப்பவர் தம் மனத்தில் வரைந்துகொள்கிறார். திரைப்படத்தில் வரும் அரக்கனைப் பார்ப்பவர் இருந்த இடத்தில் இருந்து காண்கிறார். கணினி விளையாட்டிலோ ஆடுபவர் அவ்வரக்கனை எதிர்கொள்கிறார். எதிரே வருவது நட்பா, பகையா? எளியதா, வலியதா? பாயுமா, பறக்குமா? இவற்றையெல்லாம் கண்ணிமைக்கும் பொழுதில் ஆடுபவர் உணர்ந்தாக வேண்டும். ஆகவே விளையாட்டு ஓவியரின் முதற்கடமை அழகூட்டுவது அன்று. உயிரின் இயல்பை உருவத்தாலேயே உணர்த்துவதாகும்.

இதற்குத் தொடக்ககாலச் சான்று ஒன்று உண்டு. 1978-ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் பணியாற்றிய டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை அமைத்தார். அக்காலக் கணினித் திரையில் ஓர் உருவத்துக்கு அவரால் ஒதுக்க முடிந்த உயரம் எட்டே புள்ளிகள். அந்த எட்டுப் புள்ளிகளுக்குள் வேற்றுலக உயிர்களைக் காட்ட வேண்டியிருந்தது. அவர் கடலை நினைத்தார். கணவாயையும் நண்டையும் எண்காலியையும் முன்மாதிரியாகக் கொண்டு மூவகை உருவங்களை அமைத்தார். அரை நூற்றாண்டை நெருங்கியும் அவ்வுருவங்களை உலகம் அடையாளம் கண்டுகொள்கிறது. மனித உருவங்களை இலக்காக வைப்பது எளிதாக இருந்தும், மனிதரைச் சுடுவதை விளையாட்டாக்குதல் தகாது என்னும் எண்ணத்தாலேயே வேற்றுலக உயிர்கள் அங்கு இடம்பெற்றன என்பது ஈண்டு நினையத்தக்கது. இத்துறை தோன்றிய காலத்திலேயே அறம் பற்றிய வினாவும் உடன் தோன்றிவிட்டது.

1996-இல் வெளிவந்த 'போக்கிமான்' விளையாட்டின் வேர் மற்றொரு வகையில் நமக்குப் பாடமாகிறது. அதனை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சிகளைத் தேடிச் சேகரித்தவர். நகரம் வளர வளரப் பூச்சிகள் வாழ்ந்த குளங்களும் வயல்களும் மறைந்தன. உயிர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த மகிழ்ச்சியை இக்காலச் சிறுவர்க்கு மீட்டளிக்க அவர் விரும்பினார். அவ்விருப்பத்துக்குக் கென் சுகிமோரி என்னும் ஓவியர் உருவம் கொடுத்தார். நம் நாட்டில் பூனாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று 2020-இல் வெளியிட்ட 'ராஜி' என்னும் விளையாட்டு இந்தியத் தொன்மங்களையும் கட்டடக் கலையையும் பின்புலமாகக் கொண்டது.

இவ்வெடுத்துக்காட்டுகளால் பெறப்படும் உண்மை ஒன்றே. கற்பனை உயிர் வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. கண்டறிந்த உயிர்களின்மீது செலுத்திய கூர்ந்த கவனத்திலிருந்தே பிறக்கிறது.

தமிழாசிரியரின் வினா

தமிழாசிரியரின் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குக் கல்லும் சொல்லும் சான்றாக நிற்கின்றன.

கல்லில் நிற்பது யாளி. மதுரைப் புதுமண்டபத்திலும் தென்பாண்டி நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றிலும் தூண்தோறும் பாய்ந்தெழும் யாளிகளைக் காணலாம். சிங்கத்தின் உடலும், யானையின் துதிக்கையும், பிதுங்கிய விழிகளும், சுருண்ட பிடரியும் கொண்ட அவ்விலங்கு உலகில் எங்கும் இல்லை. ஆயினும் காண்போர் அதனைப் பொய் என்று எண்ணுவதில்லை. காரணம், சிற்பி ஒவ்வோர் உறுப்பையும் உண்மை விலங்கிடம் கற்றான். சிங்கத்தின் தோள் எங்கே விரியும், யானையின் துதிக்கை எங்கே மடியும் என்பதை அறிந்தபின்னரே இரண்டையும் இணைத்தான். மேலும் தூணின் பணி மேலே உள்ள பாரத்தைத் தாங்குவது. முன்கால் தூக்கி நிமிர்ந்தெழும் யாளியின் நிலையும் நம் பார்வையை அடியிலிருந்து போதிகைவரை ஏற்றிச் செல்கிறது. உருவம், இடம், பணி ஆகிய மூன்றும் ஒன்றுபட்டு நிற்கும் இவ்வமைப்பைக் காட்டிலும் சிறந்த பாடத்தை இன்றைய எந்த ஓவியப் பள்ளியும் தர இயலாது.

சொல்லில் நிற்பவை இன்னும் பல. யானையைத் தாக்கிக் கொல்லும் ஆளி சங்கப் பாடல்களில் உலவுகிறது. ஓருயிரும் இருதலையும் கொண்ட புள் அகநானூற்றில், பிரிக்கவியலாத அன்புக்கு உவமையாகிறது. இவை எல்லாவற்றினும் ஓவியர்க்குப் பெரும்பயன் தரத்தக்கது அசுணம்.

அசுணம் இசையறியும் உயிர். இன்னிசையில் மயங்கும், கடும்பறை ஒலி கேட்டால் உயிர் விடும். மலைப்பிளவில் இருந்துகொண்டு, வண்டுகளின் முரற்சியை யாழோசை என்று கருதி அது உற்றுக் கேட்பதாக அகநானூறு காட்டுகிறது. இன்பமும் துன்பமும் ஒருசேரத் தரும் தலைவனின் மார்புக்கு, அசுணத்தைக் கொல்வோரின் கையை உவமை கூறுகிறது நற்றிணை. ஆனால் அசுணம் எப்படி இருக்கும்? அதன் நிறம் என்ன? கால்கள் எத்தனை? புலவர் கூறவில்லை. அது பறவை என்பாரும் உளர். விலங்கு என்பாரும் உளர். உருவம் சொல்லப்படாமல் இயல்பு மட்டுமே சொல்லப்பட்ட உயிர் அது. ஓவியருக்கு இதனினும் சிறந்த அழைப்பு வேறில்லை.

உருவாக்கும் முறை

அந்த அசுணத்தையே எடுத்துக்கொண்டு, விளையாட்டு ஓவியர் பணிபுரியும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, இயல்பை வரையறுத்தல். விளையாட்டை உருவாக்கும் நிறுவனம் ஓவியருக்குச் சிறு குறிப்பு ஒன்றை அனுப்பும். "மலைப்பிளவில் வாழும் சிற்றுயிர். இசையால் ஈர்க்கப்படும். பேரொலியால் மடியும். ஆடுபவர் இதனைக் காக்க வேண்டும்" என்பது குறிப்பாக இருக்கலாம். எழுதுகோலைத் தொடுமுன் ஓவியர் வினாக்களை எழுப்ப வேண்டும். இது எதை உண்கிறது? எதற்கு அஞ்சுகிறது? பகலில் உலவுமா, இரவில் உலவுமா? தனித்து வாழுமா, கூட்டமாக வாழுமா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தாலே உருவத்தின் பாதி கிடைத்துவிடும்.

இரண்டாம்படி, உண்மை உயிர்களைக் கற்றல். ஓசையால் வாழ்ந்து ஓசையால் சாகும் உயிருக்குச் செவியே தலைமை உறுப்பு. ஆகவே வௌவாலின் செவியை ஓவியர் ஆராய வேண்டும். அதன் மடிப்புகள் ஒலியை எவ்வாறு ஏந்துகின்றன எனக் காண வேண்டும். இரவில் உலவுமாயின் தேவாங்கின் பெருவிழிகள் துணைசெய்யும். அஞ்சி ஒடுங்கும் இயல்புக்குச் சருகுமானின் மெலிந்த கால்கள் பொருந்தும். பாறைப் பிளவில் ஒண்டும் உடலுக்கு உடும்பின் தட்டையான வயிறும் பற்றும் நகங்களும் வழிகாட்டும். இவையனைத்தும் தொலைதூர நாட்டு உயிர்கள் அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமானவை. சிங்கவால் குரங்கும், மலையணிலும், இருவாட்சியும், வரையாடும், விலாச்சவ்வை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் பறக்கும் ஓணானும் வாழும் மலைத்தொடர் நம் வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறது. அதனை விட்டுவிட்டு, பிறர் வரைந்த படங்களைப் பார்த்து வரைபவர் நிழலின் நிழலையே வரைபவராவார்.

மூன்றாம்படி, நிழலுரு அமைத்தல். கட்டைவிரல் அளவே உள்ள சிறு படங்களாக இருபது, முப்பது வரைந்து, அவற்றின் உட்புறம் முழுவதும் கருமை பூசிவிட வேண்டும். கண்ணும் வாயும் நிறமும் இல்லாத அக்கரிய உருவத்தைக் கண்டவுடனேயே, 'இது எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது' என்று பிறர் உணர்வாராயின் அவ்வுருவம் தேறியது. மாலை வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும் யாளித்தூணை வெறும் நிழலாகப் பார்த்தாலும் யாளி என்று அறிகிறோம் அல்லவா? அதுவே இத்தேர்வு.

நான்காம்படி, எலும்பும் தசையும் அமைத்தல். அசுணத்தின் செவி தலையைக் காட்டிலும் பெரிதாயின் அதைத் தாங்கும் கழுத்து வலிமை பெற வேண்டும். செவியை மடித்து வைத்துக்கொள்ள இயலாவிடில் பாறைப் பிளவுக்குள் அது நுழைவது எவ்வாறு? கற்பனை விலங்காயினும் அதன் எடை அதன் கால்களில்தான் இறங்கும். இவ்விதியை மீறிய உருவம் படத்தில் அழகாக இருந்தாலும் அசையத் தொடங்கியதும் பொய்த்துவிடும்.

ஐந்தாம்படி, வண்ணம். பாறையில் மறைந்து வாழ்வது பாறை நிறத்தில் இருத்தலே முறை. ஆயின் ஆடுபவர் அதனைக் கண்டுகொள்ளவும் வேண்டும். செவியின் உட்புறத்தை மட்டும் செந்நிறமாக்கி, இசை கேட்கும்போது அது விரிந்து தோன்றுமாறு செய்தால் மறைவும் வெளிப்பாடும் ஒருங்கே அமையும்.

ஆறாம்படி, ஒப்படைப்புப் படங்கள். முன்தோற்றம், பக்கத்தோற்றம், பின்தோற்றம் ஆகியவற்றை ஒரே அளவில் வரைய வேண்டும். பக்கத்தில் மனித உருவம் ஒன்றை நிறுத்தி அளவைக் காட்ட வேண்டும். கேட்டல், அஞ்சுதல், ஓடுதல், மடிதல் என மெய்ப்பாடுகளைத் தனித்தனியே தீட்ட வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். அவற்றைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இப்பகுதி அயலானதன்று. இப்படங்களைக் கொண்டு வேறொரு கலைஞர் கணினியில் முப்பரிமாண உருவம் சமைப்பார். இன்னொருவர் அதனுள் எலும்புச் சட்டகம் பொருத்துவார். மற்றொருவர் அதனை அசைப்பார். ஆகவே ஓவியரின் படம் பிறர்க்குரிய பணியாணையாகவும் அமைகிறது. தெளிவின்மை அங்கே பெருங்குற்றம்.

ஆக, தமிழாசிரியருக்கு நாம் கூறத்தக்க விடை இது: பிறர் படைத்த அரக்கர்களைப் படியெடுக்கும்வரை தமிழுக்கு ஆக்கம் இல்லை, அசுணத்தை வரையத் தொடங்கும் நாளில் சங்க இலக்கியத்தை வரிவரியாகக் கற்றாக வேண்டும்.

பாட்டனாரின் வினா

இனி, பாட்டனாரின் வினா. இதற்கு மார்க்கத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் வேலை அன்று; அது உலமாப் பெருமக்களின் பொறுப்பு. எனினும் சிந்திப்பதற்குரிய செய்திகளை முன்வைக்கலாம்.

உருவங்களை அமைப்போர் மறுமையில் அவற்றுக்கு உயிர்கொடுக்குமாறு பணிக்கப்படுவர் என்னும் எச்சரிக்கை நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. ஓவியம் வரைந்தே பிழைப்பவர் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறியபோது, அவர்கள் இந்நபிமொழியை எடுத்துரைத்தார்கள். வந்தவரின் முகம் வெளுத்தது. அதுகண்டு, வரைந்தே ஆகவேண்டுமாயின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள் என்று புகாரியில் காண்கிறோம். வாழ்க்கைப்பாட்டுக்காக வரையும் ஒருவரின் கவலை நம் காலத்தில் புதிதாகத் தோன்றியது அன்று என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கிடையே துணியால் ஆன இரு சிறகுகள் பொருந்திய குதிரை ஒன்று இருந்தது. அதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அது என்ன என வினவினார்கள்; குதிரைக்குச் சிறகுகளா என்று வியந்தார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்தனவே, தாங்கள் கேள்வியுற்றதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட கற்பனை உயிர் ஒன்று அத்திருவீட்டில் இருந்தது. அது புன்னகையை வருவித்தது.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்து அறிஞர்கள் பலவாறு கருத்துரைத்துள்ளனர். உயிருருவம் எதுவும் கூடாது என்போர் உளர். நிழல் விழும் சிலைகளையே தடுத்துப் படங்களை விலக்கில்லை என்போரும், வணக்கத்துக்குரியதாக்கப்படாதவை குற்றமில்லை என்போரும் உளர். முஸ்லிம் உலகின் வரலாற்றிலும் இப்பன்மை தெரிகிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஸக்கரிய்யா அல்கஸ்வீனி எழுதிய 'அஜாயிபுல் மக்லூகாத்' என்னும் நூல் படைப்பின் விந்தைகளைத் தொகுத்துரைக்கிறது. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1280-இல், படங்களுடன் எழுதப்பட்ட படி ஒன்று இன்று ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள நூலகம் ஒன்றில் உள்ளது. அக்பர் காலத்தில் அமீர் ஹம்ஸாவின் வீரக்கதைக்குத் துணியில் தீட்டப்பட்ட ஓவியங்கள் ஏறத்தாழ 1400. ஜின்களும் பேருருவங்களும் பறவைகளும் அவற்றில் நிறைந்துள்ளன.

தமிழகத்தில் வேறொரு வழியும் பின்பற்றப்பட்டது. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களைக் கண்டோர் அறிவர். நம் பக்கத்துப் பொட்டல்புதூரிலும் திராவிடக் கட்டடப் பாணியைக் காணலாம். கோயில் தூண்களில் யாளி பாய்ந்த இடத்தில் இங்கே கொடியும் மலரும் வடிவக் கணிதக் கோலங்களும் மலர்ந்தன. உளியின் மரபு ஒன்றே; தேர்ந்த பொருளே வேறு.

இக்கடைசிச் செய்தி நம் மாணவனுக்கு நேரடியாகப் பயன்படும். கணினி விளையாட்டு என்பது விலங்கும் மாந்தரும் மட்டுமே அன்று. காடு, மலை, அருவி, அரண்மனை, கப்பல், அணிகலன், படைக்கருவி எனப் பின்புலத்தை மட்டும் வரைவதற்கே தனி ஓவியர்கள் தேவைப்படுகின்றனர். உயிருருவங்களைத் தவிர்க்க விரும்பும் பேணுதலாளருக்கும் இத்துறையில் மதிப்பார்ந்த இடம் உண்டு. குற்றாலத்து ஐந்தருவியை எல்லாப் பருவத்திலும் வரைந்து பழகியவர், நீர்வீழ்ச்சிகளை வரைய யாருக்கும் பின்தங்கமாட்டார்.

உயிருருவங்களை வரையத் துணிவோரும் சில எல்லைகளைத் தாமே வகுத்துக்கொள்ளுதல் நன்று. நபிமார்களையும் நபித்தோழர்களையும் உருவப்படுத்தக் கேட்கும் பணியை மறுத்துவிட வேண்டும். மிஃராஜ் இரவில் நபிகள் நாயகம் (ஸல்) ஊர்ந்து சென்ற புராக் என்னும் ஊர்தியைக் கழுதையினும் பெரிது, கோவேறு கழுதையினும் சிறிது, வெண்ணிறமானது, பார்வை எட்டும் தொலைவில் அடியெடுத்து வைப்பது என்ற அளவிலேயே நபிமொழி வருணிக்கிறது. பெண்முகமும் மணிமுடியும் பிற்கால ஓவியர்கள் சேர்த்தவை. சொல்லப்படாததைச் சேர்ப்பதற்கு அசுணத்தில் ஓவியருக்கு உரிமை உண்டு. புராக்கில் அடக்கமே அழகு. எங்கே கற்பனையை அவிழ்த்துவிடுவது, எங்கே கட்டிவைப்பது என்பதை அறிவதும் இக்கலையின் ஒரு பகுதியே. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பாடுகையில், வேடனிடம் சிக்கிய மானை ஒரு தாயாகவே நம்முன் நிறுத்துகிறார். குட்டிக்குப் பாலூட்டிவிட்டு மீள்வதாக வாக்களித்து, அவ்வாறே மீண்டுவரும் அம்மான் நம் நெஞ்சில் நிற்பது அதன் பண்பினால் அன்றோ!

அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று 'அல்முஸவ்விர்', அதாவது உருவமைப்பவன். மனிதன் எத்துணை முயன்றாலும் முன்பே படைக்கப்பட்ட உறுப்புகளை மாற்றி அடுக்கவே இயலும். புதிய ஓர் உறுப்பையேனும் இன்மையிலிருந்து ஆக்க இயலாது. யாளி முதல் இன்றைய விளையாட்டு அரக்கன் வரை எல்லாம் இதற்கே சான்று கூறுகின்றன. இதனை உணர்ந்து வரைபவருக்கு வரைதல் ஆணவத்தை வளர்க்காது. படைப்பை உற்று நோக்கும் பயிற்சியாகவே அமையும்.

வாப்பாவின் வினா

எஞ்சியிருப்பது வாப்பாவின் வினா. ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குப் பணியாற்றாமல், பல நிறுவனங்களுக்குப் பணிவாரியாக வரைந்து கொடுத்து ஊதியம் பெறுபவரையே 'ஃப்ரீலான்ஸ்' கலைஞர் என்கிறோம். ஊரைவிட்டுப் போகாமலே உலகுக்கு வேலை செய்யலாம் என்பது இதன் பெருநலம். ஆய்க்குடியில் 1981-இல் திரு. எஸ். ராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம், உடல் ஊனம் உழைப்புக்குத் தடையாகாது என்பதை நாட்டுக்கே காட்டியது. வீட்டிலிருந்தே செய்யத்தக்க இத்தொழில், நடமாட இயலாதோர்க்கும் வெளியூர் செல்ல வாய்ப்பில்லாத பெண்டிர்க்கும் கதவு திறக்கிறது.

முதலீடும் பெரிதன்று. ஒரு கணினியும், அதனோடு இணைத்து எழுதுகோலால் வரையும் பலகையும் போதும். வரைவதற்குக் 'கிரிட்டா', முப்பரிமாண உருவம் சமைப்பதற்குப் 'பிளெண்டர்' ஆகிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. 'பிளெண்டர்' தனியார் உடைமையாக இருந்து, 2002-இல் மக்கள் திரட்டிய ஒரு லட்சம் யூரோவால் விடுவிக்கப்பட்டுப் பொதுவுடைமையானது.

எனினும் வாப்பாவின் அச்சம் பொருளற்றதன்று. வேலை ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. 'மாதிரிக்கு' என்று கூறி இலவசமாகப் படம் வாங்குவோர் உண்டு. முடித்துக் கொடுத்தபின் முடிவின்றித் திருத்தம் கேட்போரும் உண்டு. ஆகவே எழுதுகோலுக்கு முன் எழுத்து வேண்டும். எத்தனை படங்கள், எத்தனை திருத்தங்கள், முன்பணம் எவ்வளவு, மீதி எந்நாளில், படத்தின் உரிமை யாருக்கு என்னும் ஐந்தையும் உடன்படிக்கையில் எழுதி வாங்கிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

உரிமை பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் சம்பளப் பணியில் ஆக்கியவை நிறுவனத்துக்கே சேரும். பணம் பெற்றுக்கொண்டு பிறர் கேட்டுத் தீட்டிய வண்ண ஓவியத்தின் உரிமையும், வேறு உடன்படிக்கை இல்லாவிடில், கேட்டவருக்கே போகும். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்கிறது. உரிமையை விற்றபின்னும் 'இதனைப் படைத்தவன் நான்' என்று உரைக்கும் தனியுரிமையை 57-ஆம் பிரிவு கலைஞருக்கே காத்துக் கொடுக்கிறது. யாளியைச் செதுக்கிய சிற்பிகளுள் பெரும்பாலோர் பெயரை நாம் இழந்தோம். அவ்விழப்பு இனியும் நேர வேண்டியதில்லை.

பெயர் நிலைத்த கலைஞர் ஒருவரையும் நினைவுகூர்வோம். 'அம்புலிமாமா' இதழின் சங்கர், இயற்பெயர் கே. சி. சிவசங்கரன், 1924-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1950-களின் தொடக்கத்தில் அவ்விதழில் சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்தார். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளேந்தி, சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தனை அவர் தீட்டிய படத்தைக் காணாத தமிழ்ச் சிறுவர் அக்காலத்தில் அரியர். 2020-இல் அவர் மறைந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் மாதச் சம்பளம் பெற்ற கலைஞர் என்பது உண்மையே. ஆயினும் கற்பனை உயிர்களை வரைந்தே ஒருவர் மதிப்புடன் வாழ்ந்து முடிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

மறைக்கக்கூடாத செய்தி ஒன்றும் உண்டு. 2022-ஆம் ஆண்டு முதல், நாலு சொல் எழுதினால் நொடிப்பொழுதில் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலாயின. முன்பு இளம் ஓவியர்க்குக் கிடைத்த முதற்கட்ட வரைவு வேலைகளைச் சிலர் இக்கருவிகளிடமே ஒப்படைக்கின்றனர். பிறர் பாணியைப் படியெடுத்துப் பிழைக்க நினைப்பவருக்கு இனி இடம் சுருங்கும். ஏற்கெனவே வரையப்பட்ட கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்றவை அக்கருவிகள். அசுணத்தின் செவி ஏன் செந்நிறமாக இருக்க வேண்டும் என்று கேட்டால் காரணம் உரைத்து, அதன் பொருட்டுப் பொறுப்பேற்பவர் மனிதரே. ஆகவே கையைப் பழக்குவதோடு நில்லாது கண்ணையும் கல்வியையும் பழக்குவதே தற்காப்பு. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வேறொரு வருவாயை உடன் வைத்துக்கொண்டே இத்துறையில் காலூன்றுவது அறிவுடைமை. வாப்பாவுக்கு நாம் தரத்தக்க நேர்மையான விடை இதுவே.

முடிவுரை

தொகுத்துரைப்போம். கற்பனை உயிரைப் படைக்கும் கலை உண்மை உயிரை உற்றுநோக்கும் கலையே. அதற்கு வேண்டிய மலையும் காடும் நமக்கு அண்மையில் உள்ளன. வேண்டிய சொல்வளம் சங்க இலக்கியத்தில் உள்ளது. வேண்டிய அடக்கம் நம் மார்க்கத்தில் உள்ளது. தமிழ்த்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் ஒன்றுகூடி, நம் இலக்கியங்களில் வரும் விந்தை உயிர்களின் இயல்புகளைத் திரட்டி ஓர் அகராதி செய்யலாம். பேராசிரியர்கள் பொருளுரைக்க, ஓவியம் அறிந்தோர் உருவம் தீட்டினால், அது பிறமொழியாளரும் நாடிவரும் கருவூலமாகும்.

அம்மாணவன் மூவர் முன்னும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. பாட்டனாரிடம் எல்லையைக் கேட்டறியட்டும். ஆசிரியரிடம் பாடலைக் கேட்டறியட்டும். வாப்பாவிடம் கணக்கைக் கேட்டறியட்டும். பின்னர் அவன் வரையும் முதற்கோட்டில் மூவரின் துஆவும் சேர்ந்திருக்கும். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!